எட்டாம் மாதத்தில் கட்டுச்சோறு

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. ராணுவச் செவிலியர் பணியில் குறுகிய காலச் சேவை என்று ஒரு பிரிவு உண்டு. நான்கு ஆண்டு படிப்பு, பத்து ஆண்டு பணி, அதற்குப் பிறகு மரியாதையோடு விடை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பப்பட்டு இப்போது புதுச்சத்திரத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர், "ஏனுங்க அம்மணி, லீவுல வந்தீங்களா?" என்று கேட்டார். "ரிட்டயர்டுங்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கெடக்கட்டும் உடு, சின்னப் புள்ளை, தெரியாமப் பண்ணியிருப்பே" என்று ஆறுதல் சொன்னார்.

போன வாரம் ஒரு லெப்டினன்ட் பெண் அழைத்தாள். மலை மேல் இருக்கும் எங்கள் ராணுவ மருத்துவமனையில், கர்ப்பிணிகள் பிரிவில், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே சுவரில் நடைமுறைத் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். அதில் ஏழாவது வரி: "கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்கும்போது கர்ப்பிணியைத் தவிர வேறு யாரும் அறையில் இருக்கக் கூடாது." பதிவு முழுக்கக் கணினிக்கு மாறுவதால் அந்த வரியை எடுத்துவிடலாமா என்று பேச்சு வந்திருக்கிறதாம்.

"மாமியாருங்க சண்டைக்கு வர்றாங்க அக்கா. 'நாங்க என்ன திருடவா வந்தோம், எதுக்கு வெளியே போகச் சொல்றீங்க'ன்னு. அந்த வரி ஏன் வந்ததுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலை. உங்க காலத்துல வந்ததுன்னு மட்டும் சொல்றாங்க."

என் காலத்தில் வந்ததுதான். என்னால் வந்தது. காரணம் தாளில் இல்லாததால் இங்கே எழுதிவைக்கிறேன். கோகிலா என்பது இதில் வரும் கர்ப்பிணியின் உண்மைப் பெயர் அல்ல. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடியலில் அணிவகுப்பு, பகலில் வார்டு, மாலையில் பாடம். படுக்கை விரிப்பின் மூலையை எந்தக் கோணத்தில் மடிப்பது என்பதற்கே ஒரு வாரம். இந்தி தெரியாமல் போய், மூன்றாம் ஆண்டில் இந்தியில் கனவு கண்டேன். பட்டம் வாங்கி, இரண்டு இடங்களில் வேலை பார்த்து, மூன்றாவதாக அந்த மலை மருத்துவமனைக்கு வந்தபோதுதான் வேலை என்றால் என்ன என்று கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் மகப்பேறு மருத்துவரான கர்னல் மேடம்.

பாலக்காட்டுக்காரர். ஒல்லியான உடம்பு, உரத்துப் பேசாத குரல். தமிழ் நன்றாகவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மலையாளம் கலக்கும். முதல் வாரம் ஒரு கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தை நான் படித்துக் காட்டினேன்.

"யார் பார்த்தது?"

"கார்டுல இருக்கு மேடம்."

"கார்டுக்குக் கண் கிடையாது மோளே. யார் பார்த்தது?"

எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய் நானே மறுபடி பார்த்தேன். பத்துப் புள்ளி கூடுதலாக இருந்தது.

அதுதான் அவர் வேலை செய்யும் முறை. எந்த எண்ணைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்பார். கடைவீதியில் ஒரு ரப்பர் முத்திரை செய்து வாங்கி வந்திருந்தார். பேறுகால அட்டையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பச்சை மையில் ஒரு சிறு கட்டம் விழும். யார் பார்த்தது, அல்லது யார் சொன்னது என்று அதில் எழுத வேண்டும். ராணுவத்தின் எந்தப் படிவத்திலும் இல்லாத கட்டம் அது. அவர் விடுமுறையில் போனாலும் முத்திரையை மேசை மேல் வைத்துவிட்டுத்தான் போவார்.

காத்திருக்கும் பெஞ்சுகளிலும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அதிக வாரம் ஆனவர்கள் முன் பெஞ்சில், குறைந்த வாரக்காரர்கள் பின்னால். கணவரின் பதவியைப் பொறுத்து வரிசை கிடையாது. ஒரு முறை ஒரு அதிகாரியின் மனைவி, "என் கணவர் கேப்டன்" என்று நினைவூட்டினார். கர்னல் மேடம் அட்டையிலிருந்து தலையை எடுக்காமல், "குழந்தைக்கு இன்னும் ரேங்க் வரவில்லை. எத்தனை வாரம்?" என்றார். முன் பெஞ்சில் இருந்த சிப்பாய்களின் மனைவிகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

பிரசவம் முடிந்ததும் கணவர் வேலை பார்க்கும் படைப்பிரிவுக்குச் செய்தி சொல்வது என் பொறுப்பு. பனிமலையில் எங்கோ இருப்பவருக்கு நான்கு இடம் கடந்து குரல் போகும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும். "இருவரும் நலம் என்று முதலில் சொல். ஆணா பெண்ணா என்பது இரண்டாவது செய்தி. முதல் பாதி மட்டும் போய்ச் சேர்ந்தாலும் அவன் நிம்மதியாகத் தூங்கலாம்" என்பார். இப்போதும் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று அழைக்கும்போது இதைத்தான் கடைப்பிடிக்கிறேன்.

அங்கே என் இரண்டாம் ஆண்டு ஆனி மாதம். மழையும் மூடுபனியுமான ஒரு காலையில் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏனுங்க சிஸ்டரு, இந்தக் குளுருல எப்படித்தான் குடியிருக்கறீங்களோ, எலும்பெல்லாம் விட்டுப்போவுதுங்க."

இரண்டு ஆண்டாக அந்தப் பேச்சை நேரில் கேட்டதில்லை. எழுந்தே போய்விட்டேன்.

"எந்த ஊருங்க உங்களுக்கு?"

"நாமக்கல்லு பக்கமுங்க. புதுச்சத்திரத்துல எறங்கி உள்ள போவோணும்."

"அட, நானும் புதுச்சத்திரந்தானுங்க!"

"யாரூட்டுப் புள்ளை நீ?"

பேசியவர் பாவாயி அம்மாள். பக்கத்தில் இருந்தவள் அவர் மருமகள் கோகிலா, இருபத்திரண்டு வயது. மகன் பிரபு எங்கள் மருத்துவமனையை ஒட்டிய ராணுவப் பயிற்சி மையத்தில் வண்டி ஓட்டும் லான்ஸ் நாயக். குடும்பத்தோடு இருக்கக் குடியிருப்பு அப்போதுதான் கிடைத்திருந்தது. மருமகளைக் கொண்டுவந்து விட்டு, வீட்டையும் பார்த்துப் போக மாமியார் வந்திருந்தார். என் அப்பா யார், எங்கள் வீடு ரைஸ்மில்லுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அம்மா எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று பத்து நிமிடம் போனது. அதன் பிறகுதான் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்கப் பேனாவை எடுத்தேன்.

"கடைசியா எப்பக் குளிச்சதுங்க?"

"தைப்பொங்கல் கழிஞ்சு அடுத்த வாரமுங்க" என்றார் பாவாயி அம்மாள். "எழுதிக்கோ சாமி."

கோகிலா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். நான் அதைக் கவனித்தேன். கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

"மூணு மாசத்துல எடுக்கற ஸ்கேன் ரிப்போர்ட் இருக்குதுங்களா?"

"அதெல்லாம் எடுக்கலீங்க."

தேதியை எழுதினேன். இருபத்து நான்கு வாரம் என்று கணக்குப் போட்டேன். பச்சைக் கட்டத்தில், யார் சொன்னது என்ற இடத்தில், "கர்ப்பிணி" என்று எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் கர்ப்பத்தின் மாதக் கணக்கை ஒன்று குறைத்துச் சொல்லும் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. கண்பட்டுவிடும் என்று பயம். ஐந்து என்றால் நான்கு என்பார்கள், ஏழு என்றால் ஆறு. என் அண்ணிக்கு அம்மா அப்படித்தான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். கேரளத்திலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ வந்த செவிலியர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அவருக்கு இது தெரியாது, மன்னிக்கலாம். எனக்குத் தெரியும். ஆனால் சொந்த ஊர்ப் பேச்சின் சந்தோஷத்தில் இருந்தேன். உறவுக்காரரைப் போலப் பேசிவிட்டு, அடுத்த நிமிடம் அவர் வார்த்தையைச் சந்தேகித்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதில் இருந்த ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். கோகிலாவுக்கு அன்றைக்கு உண்மையில் இருபத்தெட்டு வாரம். குழந்தைக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேராமல் அது மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தது. ஸ்கேனில் இருபத்தைந்து, இருபத்தாறு வார அளவு காட்டியது. எங்கள் கணக்குக்கு ஒன்றிரண்டு வாரம் கூடத்தான். அந்தப் பருவத்து ஸ்கேனில் அவ்வளவு முன்பின் இருக்கும். ஆறு வாரம் கழித்து எடுத்த ஸ்கேன் முப்பது வார அளவு என்றது. அட்டையிலும் முப்பது. "சரியாக வளர்கிறது" என்று கர்னல் மேடம் எழுதினார். அவருக்குக் கொடுக்கப்பட்ட தேதிப்படி அது சரி. குழந்தை ஒரு மாதம் பின்தங்கியிருந்தது, தேதியும் ஒரு மாதம் பின்தங்கியிருந்தது. ஒரு தவறு இன்னொன்றை மூடிவிட்டது. முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் பின்னால் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் பிரபுவை வடக்கே அனுப்பிவிட்டார்கள். கோகிலா மாமியார் வீட்டுக்கு இறங்கி வந்தாள். அதே வாரம் எனக்கும் விடுமுறை. "கட்டுச்சோறு வெச்சிருக்கோம் சாமி, கண்டிப்பா வந்து போவோணும்" என்று பாவாயி அம்மாள் போனில் அழைத்தார்.

கட்டுச்சோறு எங்கள் பக்கத்து வழக்கம். முதல் பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்ணை அவள் தாய்வீட்டார் பிரசவத்துக்கு அழைத்துப் போகும் நாள். பல வகைச் சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, விருந்து வைத்து, பெண்ணைக் கூட்டிப் போவார்கள்.

அன்று காலை தலை வாரிக்கொண்டே அம்மாவிடம், "எட்டாம் மாசம் நடக்குது, இன்னும் ரெண்டு தடவை மலைக்கு வந்து காட்டச் சொல்லோணும்" என்றேன்.

அம்மா தட்டில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார். "எட்டுல எவளாவது கட்டுச்சோறு போடுவாளா? ஏழு, இல்லாட்டி ஒம்பது."

"கார்டுல எட்டும்மா."

"கார்டு உங்குளுது. நாளுக் குறிச்சது அவங்கூட்டு ஜோசியரு."

சீப்பு பாதிக் கூந்தலில் நின்றுவிட்டது. ஒற்றைப்படை மாதத்தில்தான் போடுவார்கள். இது எனக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். ஏழாம் மாதம் என்றால் அட்டையைவிடக் குறைவு. குறைத்துச் சொல்பவர்கள் உண்டு, கூட்டிச் சொல்பவர்கள் கிடையாது. அப்படியானால் ஒன்பது. முப்பத்து மூன்று வாரம் என்று நான் நினைத்திருந்தது முப்பத்தேழு. முப்பத்தேழு வாரத்துக்கு அவள் வயிறு, நான் கடைசியாகப் பார்த்த அளவை வைத்துப் பார்த்தால், மிகச் சிறியது. தலையை அப்படியே முடிந்துகொண்டு கிளம்பினேன்.

பந்தலில் நல்ல கூட்டம். திருச்செங்கோட்டிலிருந்து கோகிலாவின் தாய்வீட்டார் ஒரு வேன் நிறையப் பாத்திரங்களோடு வந்து இறங்கியிருந்தார்கள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு. கை நிறைய வளையலோடு கோகிலா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் சுற்றி நின்று கிண்டல் செய்தார்கள்.

"எங்கடி வயித்தையே காணோம்? புளிச்சோத்து மூட்டை இதைவிடப் பெருசா இருக்குது!"

"மலையில ஆர்மிக்காரங்க அளந்துதான் சோறு போடுவாங்களாட்டிருக்குது."

"சின்ன வயிறுன்னாப் பையன். எழுதி வெச்சுக்கோங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கோகிலாவும் சிரித்தாள். சேலைக் கொசுவம் நழுவுகிறது என்று சொல்லி அவளை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"கோகிலா, புள்ளை நல்லா ஆடுதா?"

"நேத்துல இருந்து கொஞ்சம் கம்மிங்க அக்கா. வளையல் சத்தத்துல பயந்துக்கிச்சுன்னு அத்தை சொன்னாங்க."

"கடைசியா எப்பக் குளிச்சே? நெசத்தைச் சொல்லு."

கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மார்கழிங்க. திருவாதிரைக்கு மறுநாளு."

"அன்னைக்கு ஏன் நீ சொல்லலை?"

"நீங்க என்னையக் கேக்கலீங்களே அக்கா. அத்தையத்தானுங்க கேட்டீங்க."

அவள் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

கையில் இருந்தவை: கைக்கடிகாரம், போன், தையல் மிஷின் டிராயரிலிருந்து எடுத்த டேப். இல்லாதவை: ரத்த அழுத்தக் கருவி, குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கும் கருவி, பக்கத்தில் இன்னொரு செவிலியர். கோகிலாவை இடப்பக்கமாகப் படுக்கவைத்தேன். அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை டேப் முப்பத்தொரு சென்டிமீட்டர் காட்டியது. முப்பத்தேழு வாரத்துக்குக் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் சென்டிமீட்டர் வர வேண்டும். வயிற்றில் கை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் ஒரே ஒரு அசைவு, அதுவும் மெல்லியது. வெளியே "பந்தி போட்டாச்சு, பொண்ணு எங்க?" என்று சத்தம் கேட்டது.

கர்னல் மேடத்தை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"முப்பத்தேழு என்று எப்படித் தெரியும்?"

"அவளே சொன்னாள் மேடம்."

"கார்டிலும் அவளே சொன்னதாகத்தான் இருக்கிறது. வேறு என்ன?"

"அஞ்சு நிமிஷம் மேடம்" என்று வைத்துவிட்டு வெளியே வந்தேன். பாவாயி அம்மாள் பந்தியில் இலைக்கு இலை உப்பு வைத்துக்கொண்டு போனார். தோளைத் தொட்டேன்.

"அம்மா, முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டு எங்கீங்க?"

"எடுக்கலைன்னு அன்னைக்கே சொல்லிப்போட்டனே சாமி."

"அம்மா."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். உப்புக் கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். "சத்தம் போடாத. நாலு சனம் இருக்குது" என்று முணுமுணுத்தபடி உள்ளே வந்து பீரோவைத் திறந்தார். கல்யாணப் பட்டுக்கு அடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் மூன்றாம் மாதத்தில் எடுத்த ஸ்கேன் தாள், மடிப்புக் கலையாமல் இருந்தது. "அதுல தேதி இருக்குதாமா. பாக்கறவங்க பாத்துப்போட்டாங்கன்னா? அதுக்குத்தான் எடுத்து வெச்சேன்."

கணக்குப் போட்டேன். முப்பத்தேழு வாரம், இரண்டு நாள். படம் எடுத்து அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் கர்னல் மேடமே அழைத்தார்.

"மலைக்குக் கொண்டுவராதே. ஆறு மணி நேரம் அந்தக் குழந்தைக்கு இல்லை. சிசு தீவிரப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் எங்கே?"

"நாமக்கல் மேடம். அரை மணிக்குள் போகலாம்."

"புறப்படு. அங்கே பார்க்கும் டாக்டரிடம் போனைக் கொடு, நான் பேசுகிறேன். வெளி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு இங்கே எழுத வேண்டியதை நான் எழுதுகிறேன். அவள் எதுவும் சாப்பிடக் கூடாது. கார்டில் தேதியை எழுதியது யார்?"

"நான் மேடம்."

"அதை நீ திரும்பி வந்ததும் பேசலாம். இப்போது வண்டி."

வாசலில்தான் சிக்கல் வந்தது. திருச்செங்கோட்டுப் பெரியவர் ஒருவர், "ராகு காலம் நடக்குதுங்க. முக்கால் மணி நேரம் பொறுத்துக் கெளம்பலாம்" என்றார். கோகிலாவின் அம்மா, "கட்டுச்சோறு கையில வாங்காம வாசல் தாண்டுனா ஆவாதுங்களே" என்று அழத் தொடங்கினார். "ஆர்மி சிஸ்டரு சும்மா பயமுறுத்துது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். எனக்கு வாக்குவாதம் செய்யத் தெரியாது. நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"நான் தப்பாத் தேதி எழுதிப்போட்டனுங்க. அதனால புள்ளை ஒரு மாசம் வளராமக் கெடக்கறது யாருக்கும் தெரியலை. நேத்துல இருந்து அசைவு கொறஞ்சிருக்குது. முக்கால் மணி நேரம் பொறுத்தா என்ன ஆவும்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. அதனாலதான் பொறுக்க வேண்டாங்கறேன்."

"நீயா தப்பா எழுதினே?" என்றார் பாவாயி அம்மாள்.

அவர் கையில் இன்னும் அந்த மஞ்சப்பை இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பாத்திரத்திலிருந்து ஒரு பிடி தயிர்ச்சோறு அள்ளி வந்து கோகிலாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"வாயில வெக்காத. கையில வாங்கினாச் சரி, திங்கோணும்னு சாத்திரம் இல்லை."

"அப்படி எந்தச் சாத்திரமுங்க?" என்றார் திருச்செங்கோட்டுப் பெரியவர்.

"நாஞ் சொல்றேன், அதுதான் சாத்திரம். ராகு காலத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். வேனை எடுக்கச் சொல்லுங்க."

பாத்திரங்களை இறக்க நேரமில்லை. புளிச்சோற்று வாசனையோடு நாமக்கல் போய்ச் சேர்ந்தோம். கோகிலா ஒரு கையில் சோற்றைப் பிடித்தபடி, மறு கையால் என் விரலைப் பிடித்திருந்தாள். மருத்துவமனைச் சக்கர நாற்காலியில் உட்காரும்போதுதான் அந்தச் சோற்றைக் கேட்டு வாங்கி வைத்தேன்.

இதயத்துடிப்பு வரைபடத்தைப் பார்த்ததும் அங்கிருந்த மருத்துவர் என் போனை வாங்கினார். கர்னல் மேடத்தோடு இரண்டு நிமிடம் பேசினார். உடனே அறுவை சிகிச்சை. பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. அழக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிரபுவின் படைப்பிரிவுக்கு நானே அழைத்தேன். "இருவரும் நலம்" என்று தொடங்க என்னால் முடியவில்லை. "தாய் நலம். குழந்தை கண்காணிப்பில்" என்றேன். மறுமுனையில் இருந்தவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

பதினோரு நாள் குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள், தானாக மூச்சு விட்டது. அன்று வெளியே பெஞ்சில் பாவாயி அம்மாளும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

"பாத்தியா சாமி" என்றார். "மாசத்தைக் கொறச்சுச் சொன்னதுக்கே இத்தனை கண்ணு பட்டிருக்குது. நெசத்தைச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

என்னிடம் பல பதில்கள் இருந்தன. அவர் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

விடுமுறை முடிந்து மலைக்குப் போன அன்றே, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கர்னல் மேடத்தின் மேசையில் வைத்தேன். முழுக்கப் படித்தார். கோகிலாவின் அட்டையை எடுத்துவரச் சொன்னார். "கர்ப்பிணி" என்று நான் எழுதிய கட்டத்தைக் காட்டினார்.

"அழிக்காதே. ஒரே கோடு போடு. கீழே இருப்பது படிக்க வர வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடு."

ஒரு கோடு போட்டேன். "மாமியார்" என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் அட்டையைத் தன் பக்கம் திருப்பி, "சரியாக வளர்கிறது" என்று தான் எழுதியிருந்த வரி மேலும் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

"நானும் அந்த வயிற்றில் கை வைத்தேன். அவளிடம் நானும் கேட்கவில்லை" என்றார். பிறகு சுவரில் இருந்த நடைமுறைத் தாளை எடுத்துவரச் சொல்லி, ஆறாவது வரிக்குக் கீழே என்னையே எழுதவைத்தார்.

கூட வந்தவர்கள் வெளியே போகும் அந்த இரண்டு நிமிடத்தில் அதன் பிறகு பல பெண்கள் எனக்குப் பல விஷயம் சொன்னார்கள். தேதி மட்டுமல்ல. முன்பு கலைந்துபோன கர்ப்பம், வீட்டுக்குத் தெரியாமல் சாப்பிடும் மாத்திரை, ராத்திரியில் அடிக்கும் கை. அவற்றை இங்கே எழுத முடியாது. வரியை எடுப்பதற்கு முன் இதையும் யோசியுங்கள் என்றுதான் அந்த லெப்டினன்ட்டிடம் சொன்னேன்.

கோகிலாவின் மகளுக்கு இப்போது நான்கு வயது. பிரபு மறுபடி மலைக்கே மாற்றலாகி வந்திருக்கிறான். குடியிருப்பு கிடைக்கும்வரை கோகிலா ஊரில் இருக்கிறாள். போன மாதம் பாவாயி அம்மாள் போன் செய்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"சாமி, நம்ம கோகிலாவுக்கு நாளு தள்ளிப்போயிருக்குது. ஊருக்கு எப்பவும்போல ஒண்ணு கொறச்சுத்தான் சொல்லுவேன், அதுக்கு நீ சண்டைக்கு வரக் கூடாது. உனக்கு மட்டும் நெசம். எழுதிக்கோ. ஆடிப்பெருக்குக்கு முந்தின வெள்ளிக்கெழமை."

"கோகிலாகிட்டக் குடுங்கம்மா."

"ஏன், நாஞ் சொன்னா நம்ப மாட்டியா?"

"நம்பறனுங்க. அவகிட்டக் குடுங்க."

போன் கை மாறும் சத்தம். பின்னால் அந்தக் குட்டிப்பெண் எதற்கோ கத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெள்ளி இல்லீங்க. செவ்வாய்."

"செவ்வாயா?" என்று பாவாயி அம்மாள் குரல். "எங்கிட்ட வெள்ளின்னியே?"

"வெள்ளிக்கெழமை நல்ல நாளுன்னு நீங்களா வெச்சுக்கிட்டீங்க அத்தை." பிறகு என்னிடம்: "ரெண்டாவதுக்குக் கட்டுச்சோறு கெடையாதுங்களே அக்கா, யாரும் நாளுக் குறிக்க மாட்டாங்க. அதனால வார திங்கக்கெழமை நானே மலைக்குப் போயிச் சொல்லிப்போட்டு வாரேன். பஸ்ஸுக்குப் பதிவு பண்ணியாச்சுங்க. ஒரு சீட்டுத்தான்."